றெஜினா கொண்டுவந்த போத்தல்

செலீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் றொஷினியைப் பெண் பார்க்க சுவிசிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் அல்பேட்டும் தாய் றெஜினாவும் மொன்றியலுக்கு வந்து ஹோலில் இருக்கினம். மாப்பிள்ளை நிஷானுக்கு லீவு கிடைக்கவில்லை. பெடியனும் பெட்டையும் ஒரு வருசமாய்ப் போனில் கதைத்து மனம் ஒத்துப்போனவர்கள். இனித் தாய் தகப்பனுக்குப் பிடித்தால் சரி. சொல்லச் சுகம்! தகப்பன் இல்லாமல் தனியே வளர்த்த பெட்டை, இது குழம்பினால் அவள் தாங்கமாட்டாள்.

றெஜினா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினா. சின்னப் போத்தல், தேன் நிறம்.

"எங்கடை மலைப்பக்கத்து வைன். நல்ல இனிப்பாம்."

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீட்டில் வைன் என்றால் கேக். நத்தார்ப் பண்டிகையோ திருமுழுக்கோ, சின்னக் கிளாசில் வைன், பக்கத்தில் ஒரு துண்டு கேக். வேறு கேள்வி கிடையாது. றொஷினி மட்டும் குசினிக்குள் வந்து காதைக் கடித்தாள்.

"அம்மா, இதுக்கு நீலச் சீஸ் வைக்கச் சொல்லி நிஷான் சொன்னவர். ஜான்-டலோன் சந்தையிலை வாங்கி பிறிட்ஜுக்குள்ளை வைச்சிருக்கிறன்."

"பூஞ்சணம் பிடிச்சதை வந்த சனத்துக்குக் குடுக்கவோ? போடி அங்காலை!"

செலீனின் ரவைக் கேக்குக்கு மொன்றியல் கோயில் பங்குச் சனமே அடிமை. ஒரு துண்டு தின்றால் பல்லுக் கூசும், அவ்வளவு சீனி. றெஜினா அதில் ஒரு கடி கடித்து, வைனில் ஒரு மிடறு குடித்தா. முகம் சுருங்கிப் போச்சு. அல்பேட் இருமினார். பிறகு இரண்டு பேரும் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி இருந்தினம்.

செலீனும் கேக்கை மென்றபடி குடித்துப் பார்த்தாள். ஐயோ, தேசிக்காய்ப் புளி! இனிப்பென்று தந்தது ஏன் புளிக்குது? எங்களை ஆழம் பார்க்கினமோ? இல்லை, கேக்தான் பிழைச்சுப் போச்சோ? பெட்டையைப் பிடிக்காமல்தான் முகத்தைச் சுளிச்சவவோ? செலீனுக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை.

"இருங்கோ, வாறன்" என்று கிளாசோடு குசினிக்குள் ஓடினாள். கண் கலங்கிவிட்டது. மனம் குழம்பினால் அவளுக்கு வாய் சும்மா இராது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்து ஆற வைத்திருந்த கஜுப் பருப்பை அள்ளி வாயில் போட்டாள். தொண்டை எரிய, கையிலிருந்த வைனைக் குடித்தாள்.

இனிப்பு! தேன் மாதிரி இறங்கியது. கிளாசைப் பார்த்தாள், கஜுவைப் பார்த்தாள். குசினித் தட்டில் மிச்சமிருந்த கேக்கில் ஒரு நுள்ளுத் தின்று குடித்தாள்: புளி. திரும்பக் கஜு: இனிப்பு. "மாதாவே, எனக்கென்ன விசரோ?"

வாசலில் றெஜினா நின்றா. கண் சிவந்திருந்தது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. வைன் பழுதாப் போச்சுது. அந்தத் தோட்டத்திலைதான் நான் பழம் ஆயிறனான். திராட்சைப் பழத்தைக் கொடியிலையே வத்த விட்டு, மார்கழிக் குளிரிலை விரல் விறைக்க விறைக்க ஆயிறது. முதலாளி தந்த போத்தலை நான் ஒரு சொட்டும் குடிச்சுப் பாக்கேல்லை. நிஷான்ரை கலியாணக் காரியத்துக்கெண்டு மூண்டு வருசமா வைச்சிருந்தனான். வெக்கத்திலை வாய் திறக்கேலாமல் போச்சு."

செலீன் நாலு கஜுவை அவவின் வாயில் திணித்து, கிளாசை நீட்டினாள். றெஜினா குடித்தா. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தா.

"இது என்னண்டு?"

"எனக்கெண்டா விளங்கேல்லை. என்ரை கேக்கின்ரை சீனி உங்கடை வைனை அடிச்சுப் போட்டுது போலை."

பின்னால் வந்த றொஷினி பிறிட்ஜைத் திறந்து நீலச் சீஸை எடுத்து, தாயைப் பார்த்தபடியே தட்டில் வைத்தாள். "ஒண்டும் சொல்லாதை!" என்றாள் செலீன். றெஜினா ஒரு துண்டு தின்று, வைனைக் குடித்து, பெட்டையின் கன்னத்தைத் தடவினா.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேக் தட்டைத் தூக்கி அங்காலே தள்ளி வைத்தா.

"கலியாணத்துக்குக் கேக் உங்கடை, வைன் என்ரை. ஆனா ரண்டையும் ஒரே மேசையிலை வைக்கப்படாது, சரியோ சம்மந்தி?"