பாலித்தீன் குளம்

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியாரும் மருமகளும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை என்று எதுவுமில்லை, பேச்சுதான் ஒட்டவில்லை.

ஒரு பெருமழையில் மாமியாரின் அறைக்கூரையில் ஓடுகள் உடைந்து, கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. மருமகளுக்கு பாலித்தீன் கடையில் வேலை. புத்தகத்துக்கு உறை, வண்டி இருக்கைக்கு உறை, மூட்டைக்கு உள்ளுறை என்று நாள் முழுக்க அளந்து வெட்டிக் கொடுப்பவள். தடிமனான, கண்ணாடி மாதிரியான தாள் ஒன்றைக் கொண்டுவந்து உத்திரத்தில் நாலு மூலையும் கட்டினாள்.

"இந்தச் சவ்வா தண்ணியைத் தாங்கப் போகுது?" என்றார் மாமியார்.

"தாங்கும் அத்தை. சட்டுனு கிழியாது, இழுபடும். வெட்டுப் பட்டாத்தான் ஆபத்து."

"பாக்கத்தானே போறோம்."

விடிய விடியப் பெய்து, மதியம் வெயிலடித்தது. தாள் தொப்பை போட்டிருந்தது. வெயில் கூரைப் பொத்தல் வழியாகத் தண்ணீருக்குள் இறங்க, சுவரெங்கும் ஒளி நெளிந்தது. கொடியில் கிடந்த புடவை நீருக்கடியில் ஆடுவது போலிருந்தது.

தண்ணீரை வடிக்க ஊசியும் வாளியுமாக மருமகள் வந்தாள். கட்டிலில் படுத்திருந்த மாமியார் கையைத் தூக்கினார்.

"பொறு."

பொத்தல் வழியே ஒரு குருவி இறங்கியது. தாளின் ஓரத்தில் நின்று சிறகடித்துக் குளித்தது. குருவியின் உள்ளங்காலை மருமகள் அன்றுதான் பார்த்தாள்.

"இப்படி வந்து படு. கழுத்து வலிக்கப் போகுது." மாமியார் சுவரோரம் நகர்ந்தார். "நகம் பட்டுக் கிழிஞ்சிராதே?"

"அது என்ன கால்ல கத்தியா கட்டியிருக்கு?"

மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சின்ன வயசுல கிணத்துல முங்கிக் கண்ணைத் தொறந்தா இப்படித்தான் தெரியும்."

"எனக்குத் தண்ணின்னாலே பயம் அத்தை."

"அப்ப இதுதான் உனக்கு வசதி. நனையாம முங்கலாம்."

இன்னும் இரண்டு குருவிகள் வந்து சேர்ந்த நேரத்தில், மகன் புது ஓடுகளோடு வாசலில் நின்றான்.

"அம்மா, ஏணி எங்க..."

"உஷ்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஓடு நாளைக்கு ஏறட்டும்," என்றார் அம்மா. அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடாமல் ஓடுகளைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான்.

வெயில் தாழ்ந்ததும் மருமகள் கட்டிலை ஒதுக்கி, வாளியை வைத்து, தொப்பையின் அடியில் ஊசியால் குத்தினாள். நூல் போலத் தண்ணீர் இறங்கியது. மாமியார் கிணற்றுக் கதையைத் தொடர்ந்தார். வாளி நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.