அறுபத்தைந்து இன்ச்சும் ஒரு சுவரும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மச்சான் தேவநாதன் வீட்டுச் சுவரில் ஐம்பத்தைந்து இன்ச் டிவி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து தட்சிணாமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று மனைவி அமராவதி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் போனார்கள்.

அக்காவையும் மாமாவையும் உட்காரச் சொல்வதற்கு முன்பே தேவநாதன் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டான். சினிமா போடவில்லை, செய்தி போடவில்லை. டிவியின் துல்லியத்தைக் காட்டுவதற்கென்றே எடுத்த படம் ஒன்று. அதில் மீன்கள் கடலுக்கடியில் அரை மணி நேரம் நீந்தின.

“அந்தச் செதில பாருங்க மாமா. ஒவ்வொண்ணா எண்ணலாம்.”

“நல்லாதான் இருக்கு மச்சான். கலர்தான் கொஞ்சம் ஜாஸ்தியோ?” என்றார் தட்சிணாமூர்த்தி. மதியம் தேவநாதனின் மனைவி மலர்க்கொடி வியர்க்க விறுவிறுக்கப் பொரித்துக் கொண்டுவந்து வைத்த வஞ்சிரத்தில்கூட அவருக்கு நாட்டமில்லை. திரும்பி வரும்போது பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் திடீரென்று, “அறுபத்தஞ்சு” என்றார்.

“என்னா, டிக்கெட்டா?” என்றாள் அமராவதி.

“டிவி.”

தட்சிணாமூர்த்தி அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகக் கண்காணிப்பாளர். நாலு பேனா வாங்குவதற்கே மூன்று கொட்டேஷன் கேட்கிறவர், டிவியை மட்டும் சும்மா விடுவாரா? செக்‌ஷனில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மேல வீதிக் கடைக்குப் போனார். விற்பனையாளர் சைபுல்லா நல்ல மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

“சார், சோபாவுக்கும் டிவி சுவத்துக்கும் எத்தன அடி இருக்கும்?”

“ஏழு.”

“அறுபத்தஞ்சுக்கு ஒம்போதாவது வேணும் சார். இல்லன்னா டென்னிஸ் மேட்ச் பாக்குற மாதிரி கழுத்தத் திருப்பிக்கிட்டே இருக்கணும். உங்க ஹாலுக்கு நாப்பத்தி மூணே போதும்.”

நாற்பத்து மூன்று! மச்சான் காதில் விழுந்தால் என்ன ஆவது? வீட்டுக்கு வந்தவர் பழைய செய்தித்தாள்களை அறுபத்தைந்து இன்ச் அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டினார். எதிரே உட்கார்ந்து இடமும் வலமும் பார்த்தார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. கல்லூரியிலிருந்து வந்த மகள் சுவேதா, “அப்பா, இன்னைக்கும் அதே நியூஸா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

எட்டாம் நாள் காபியோடு வந்த அமராவதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சோபாவுக்குப் பின்னாடி இருக்குற கிச்சன் சுவத்த எடுத்துட்டா ஒம்போது அடி என்னா, அதுக்கு மேலயும் கெடைக்குமே.”

பதினோரு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. தாளித்தால் மூச்சு முட்டும். பின்னால் இருக்கும் சாமான் ரூமைச் சேர்த்துக்கொண்டு, ஹால் பக்கச் சுவரையும் எடுத்துவிடலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், “அது பாரம் தாங்குற சுவரு, தொட்டா மாடியே எறங்கிடும்” என்று அவர் அடித்துப் பேசியிருக்கிறார். இப்போது அந்தச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அது ஒன்றும் பெரிதாகத் தாங்குவதுபோல் தெரியவில்லை.

மேஸ்திரி கோவிந்தசாமி வந்து இரண்டு தட்டு தட்டினார். “வெறும் தடுப்பு சார். எந்தப் பாரமும் இது மேல இல்ல.”

“நான் அப்பவே நெனச்சேன்” என்றார் தட்சிணாமூர்த்தி. அமராவதி சாமான் ரூமைக் காலி செய்யப் போனாள்.

ஒரு மாதம் வீடு புழுதிக்காடாகக் கிடந்தது. காபியில் சிமென்ட் வாசம் அடித்தது. சுவர் போனது, சாமான் ரூமும் போனது. சமையல் மேடை பின்சுவரை ஒட்டி நீளமாக எழுந்தது. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல் வந்தது. சோபா பின்னால் நகர்ந்தது. தட்சிணாமூர்த்தி சைபுல்லாவை அழைத்து வந்து அளக்கச் சொன்னார். டேப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்த சைபுல்லா தயங்கினார்.

“சார், பன்னண்டு அடி வருது. இந்தத் தூரத்துக்கு அறுபத்தஞ்சு சின்னதாத் தெரியும். எழுபத்தஞ்சா வாங்கிடுங்களேன்.”

தட்சிணாமூர்த்தி தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தார். வைத்திருந்த பணமெல்லாம் டைல்ஸாகவும் ஜன்னலாகவும் மாறியிருந்தது. பழைய முப்பத்திரண்டு இன்ச் டிவி பன்னிரண்டு அடிக்கு அப்பால் தீப்பெட்டி மாதிரி மினுங்கியது.

அடுத்த ஞாயிறு தேவநாதனும் மலர்க்கொடியும் வந்தார்கள். தீப்பெட்டியைப் பார்த்துத் தேவநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். தட்சிணாமூர்த்திக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மலர்க்கொடி டிவி பக்கமே வரவில்லை. மேடையைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். மீன் பொரிக்கும்போது சட்டிக்கு நேரே நின்று, “வேர்க்கவே இல்ல அண்ணி!” என்றாள். சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அங்கேதான் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை தேவநாதன் போன் செய்தான்.

“மாமா, என்னா மாமா இப்பிடிப் பண்ணிட்டீங்க? இவ எங்க கிச்சன் சுவத்த இடிக்கச் சொல்லி ரெண்டு நாளாச் சோறு பொங்கல. டிவி மாட்டியிருக்குற சுவரே அதான் மாமா!”

தட்சிணாமூர்த்திக்கு வெகு நாளைக்குப் பிறகு பசி எடுத்தது. குரலில் கவலையை வரவழைத்துக்கொண்டார்.

“டிவி எல்லாம் கண்ணுக்குக் கெடுதி மச்சான். பொம்பளைங்க மூச்சு விட எடம் வேணும் பாரு. நான் அதத்தான் மொதல்ல யோசிச்சேன். இரு, கோவிந்தசாமி நம்பர் அனுப்புறேன்.”

போனை வைத்துவிட்டு, “அமராவதி, இன்னும் ரெண்டு தோசை போடு” என்றார். “வந்து ஊத்திக்குங்க,” என்றாள் அவள், “எடம்தான் தாராளமா இருக்கே.”