வெட்டிப்போட்ட புது வால்வு

மகள் கிளம்பிப் போய் முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் டயர்க்கடைக்காரி கடையை இரண்டு முறை பெருக்கிவிட்டாள். பழைய டயர்களை இடம் மாற்றி அடுக்கினாள். அது பிடிக்காமல் மறுபடி இருந்த இடத்துக்கே உருட்டினாள். பக்கத்துக் கடை வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க?"

"உன் வேலையைப் பாருடா."

"பொண்ணு வேலைக்குத்தானே போயிருக்கு. சண்டைக்கா போயிருக்கு?"

சண்டை போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் போ என்றாள் அம்மா. வண்டியில்தான் போவேன் என்றாள் மகள். பள்ளிக்கூட வாட்ச்மேனான அப்பா, "அவ இஷ்டம்" என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு டியூட்டிக்கு நழுவிவிட்டார். அந்த மனுஷனுக்கு எப்போதும் நழுவத்தான் தெரியும்.

தோற்றுப்போன கோபத்தோடுதான் அவள் மகளின் வண்டிக்கு முன்சக்கர டயரை மாற்றினாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். "ஒருநாள்கூட விழாம ஓட்டுறேங்கற திமிரு உனக்கு" என்று ஆரம்பித்தது, மூன்று வருஷத்துப் பழைய கணக்கெல்லாம் தோண்டியது. நடுவில் மகள், "அம்மா, ஒரு நிமிஷம்..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"வாயைத் திறந்தே, மாட்டின டயரை மறுபடி கழட்டிருவேன். நீ எங்கயும் போக வேண்டாம்."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹெல்மெட்டை மாட்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. "போயிட்டு வரேன்" என்றது மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டது.

நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று, வேறு வேலை எதுவும் இல்லாமல் பழைய வால்வு டப்பாவை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள்.

அந்த டப்பா அவள் கடையின் சட்டம். டியூப் இல்லாத டயரில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது ரிம்மில் செருகிய ஒரு விரல் நீள ரப்பர்க் குழாய்தான். டயர் மாற்றும்போது அதையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது முதல் விதி. கழற்றிய பழைய வால்வை அந்த நிமிஷமே இரண்டாக வெட்டி டப்பாவில் போட வேண்டும் என்பது இரண்டாவது விதி. முழுசாகக் கிடந்தால் என்றைக்காவது அவசரத்தில் எவர் கையாவது அதை எடுத்து மாட்டிவிடும். கடையில் இருப்பது அவள் கை மட்டும்தான். இருந்தாலும் தன் கையையே அவள் நம்பியதில்லை.

டப்பாவில் மேலாகக் கிடந்த துண்டுகளைக் கையில் எடுத்தாள். காலையில் வெட்டியவை. கட்டைவிரலால் அழுத்தினாள். ரப்பர் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பித்தளை பளபளத்தது.

ஆறு வருஷமாக வண்டியோடு வெயிலில் கிடந்த ரப்பர் இப்படி இருக்காது.

பழையதைப் பிடுங்கியபோது கை வழுக்கி, புது வால்வு ஊறிக்கொண்டிருந்த சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே அதுவும் விழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. திட்டிக்கொண்டே ஒன்றை எடுத்து வெட்டினாள். திட்டிக்கொண்டே இன்னொன்றைச் செருகினாள். நுரையில் இரண்டும் ஒரே கறுப்பு. வெட்டியது புதுசை, மாட்டியது பழசை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆத்திரக்காரி மட்டும் விதிவிலக்கா என்ன?

அந்தப் பழைய வால்வை வெடிப்பு விட்டிருக்கிறது என்று காலையில் மகளுக்குக் காட்டியதே அவள்தான். நிற்கும் வண்டியில் அது சமர்த்தாகக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் வேகமெடுக்கும்போதுதான் வால்வு வெளிப்பக்கம் சாயும், வெடிப்பு வாயைத் திறக்கும். முன்சக்கரத்தில் காற்று மொத்தமாக இறங்கினால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது. எதிரே லாரி வந்தால் அவ்வளவுதான்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி மறுபடி போட்டாள். எடுக்க மாட்டாள். 'வண்டி ஓட்டும்போது போனை எடுத்தா கையை ஒடிச்சிருவேன்' என்று வளர்த்தவளே இவள்தான். ஊரில் எந்தப் பிள்ளை பெற்றவள் சொல்வதைக் கேட்கிறது? இது இந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தொலைத்திருக்கிறது!

"டேய், உன் வண்டிச் சாவியைக் கொடு."

"எதுக்குக்கா?" என்றான் வெல்டர்.

"கொடுடான்னா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. புது வால்வு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடியவள், அதைப் பையில் போடக்கூடத் தோன்றாமல் ஹேண்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கடையைப் பூட்டவில்லை.

சாலையில் தூரத்தில் நாலு பேர் கூடி நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் கும்பல் பஸ்ஸுக்கு நின்றது, இன்னோர் இடத்தில் யாரோ குடை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓரமாகக் கிடந்த கறுப்புத் துணி ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்திவிட்டு, அது துணிதான் என்று தெரிந்த பிறகும் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவளுக்குக் கடவுளோடு அவ்வளவு பழக்கம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வழிநெடுக அவரைக் கூப்பிட்டாள். இனிமேல் கத்தவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். குறுக்கே வந்த ஆட்டோக்காரனைப் பார்த்து அடுத்த நிமிஷமே கத்தினாள்.

இருபது கிலோமீட்டர் தாண்டி, சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வழுக்கைத்தலையர் ஒருவரின் டயர்க்கடை இருந்தது. 'காத்தடிக்க மட்டும் தெரிஞ்ச ஆளு' என்று அவள் பத்து வருஷமாக இளக்காரம் செய்துவந்த கடை. அதன் வாசலில் மகளின் வண்டி நின்றது. மகள் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முழுசாக இருந்தாள். கையும் காலும் இருக்கிற இடத்தில் இருந்தன.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது.

"எத்தனை தடவைடி போன் போடுறது!"

"பதினோரு தடவை." மகள் எழுந்தாள். "எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியலைம்மா."

"அந்த முன்சக்கர வால்வு..."

"மாத்தியாச்சு. எனக்கு முன்னாடி ரெண்டு வண்டி நின்னுச்சு, அதான் லேட்டு." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வெடிப்பு விட்ட பழைய வால்வு. இரண்டாக வெட்டியிருந்தாள்.

"காத்து இறங்கிச்சா?"

"இறங்கலை. முப்பதைத் தாண்டாம உருட்டிக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியும்?"

மகள் தரையைப் பார்த்தாள். "நீ புதுசை வெட்டினதைப் பார்த்தேன்."

"பார்த்தியா? பார்த்துட்டுச் சொல்லாம வந்தியா?"

"சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறந்தா டயரைக் கழட்டிருவேன், போக வேண்டாம்னு சொன்னியே. கழட்டினா மறுபடி மாட்ட மாட்டியோன்னு பயம். அதான் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போய் வழியில மாத்திக்கலாம்னு வந்துட்டேன்."

அம்மாவுக்குக் கை ஓங்கத்தான் வந்தது. ஓங்கிய கையில் அந்தப் புது வால்வு ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்வையில் நனைந்து, உள்ளங்கையில் அதன் அச்சு விழுந்திருந்தது. கையை இறக்கினாள். ஓடும்போது பிய்ந்துவிடக்கூடிய வால்வு ஒரு பக்கம், அம்மாவின் வாய் ஒரு பக்கம். இந்தப் பெண் வால்வைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு அவமானமாக இருந்தது. வழுக்கைத்தலையர் கேட்டுக்கொண்டு நின்றதால் அல்ல.

குந்தி உட்கார்ந்து, விரலை எச்சிலால் நனைத்து வால்வின் அடியில் தடவினாள். நாலு பக்கமும் வளைத்துப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை. கச்சிதமான வேலை.

"என்னம்மா, என் வேலைமேல சந்தேகமா?" என்றார் வழுக்கைத்தலையர்.

"உங்க வேலை நல்லா இருக்குங்க" என்றாள். பத்து வருஷத்தில் முதல் தடவை.

மகள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். "அப்போ நான் கிளம்பட்டுமா?"

அம்மா எழுந்திருக்கவில்லை. "என்கிட்ட இன்னும் எதெல்லாம்டி சொல்லாம வச்சிருக்கே?"

"எதுக்கு இப்போ?"

"சொல்லு."

"கத்துவே."

"கத்தலை."

மகள் ஹெல்மெட்டை வண்டிமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மா அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, நிலைகொள்ளாத கைகளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"போன மழைக்காலத்துல என் மணிக்கட்டு வீங்கிச்சே, கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேனே" என்றாள் மகள். "கதவு இல்லம்மா. வண்டியோட விழுந்தேன். ஒரு கார் தள்ளிட்டுப் போயிடுச்சு. ரொம்ப நேரம் ரோட்டோரத்துலயே உட்கார்ந்திருந்தேன்."

அம்மாவின் வாய் திறந்தது. சொல்வதற்கு அதில் எவ்வளவோ வந்து முட்டி நின்றது. வாயை மூடினாள், விழுங்கினாள்.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.