பழைய பி

ஸோர்காவின் வலது காது போய்க்கொண்டிருந்தது. இருபது வருடம் கல்யாண மேடைகளில் ஸ்பீக்கருக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவே நின்று பேஸ் கிட்டார் வாசித்தால் வேறென்ன ஆகும்? இன்னும் இரண்டு கல்யாண சீசன், அப்புறம் இடது காதுக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் புருஷன் ராடிஷா, அந்தக் கல்யாண பேண்டின் தலைவன், அக்கார்டியன்காரன், அதைக் கேட்டுச் சிரித்தான்.

"பஞ்சு வெச்சுக்கோ. எங்கப்பா நாப்பது வருஷம் வாசிச்சாரு. சாகுற வரைக்கும் பக்கத்து வீட்டுச் சண்டை ஒண்ணு விடாம கேட்டாரு."

அதனால்தான் ஸ்ரெனியானின் நகரத்து நாடக அரங்கில் பேஸ் கிட்டாருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் விழுந்தடித்துக்கொண்டு மனுப்போட்டாள். மேடைக்குக் கீழே பன்னிரண்டு பேர் உட்கார்ந்து அடக்கமாக வாசிக்கும் வேலை. காது பிழைக்கும். அந்த இடம் காலியாவது பத்து வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிசயம்.

தேர்வுத் தாள் தபாலில் வந்தது. ஏ மைனர், டி மைனர், பி, ஈ. நான்கே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு. இதற்கு ஒரு பேஸ் வரியை நீங்களே கட்டி வந்து, பியானோவோடு நான்கு சுற்று நிற்காமல் வாசிக்க வேண்டும்.

இந்தப் பி இருக்கிறதே, அந்த ஊர் வாத்தியக்காரர்களைப் பிடித்த சனியன் அது. பழைய ஆட்கள் பி என்றால் அரைப் படி கீழே இருக்கும் சுரம். மேலே இருப்பதை எச் என்பார்கள். வீடியோ பார்த்துக் கற்றவர்களுக்கு எச்சே கிடையாது, மேலே இருப்பதுதான் பி. பழைய பியா, புதுப் பியா என்று கேட்காமல் எவனும் ஒத்திகையில் கை வைக்க மாட்டான். இந்தப் பாட்டிலோ இரண்டுமே பொருந்தும். ஸோர்கா அரங்கத்துக்கு போன் போடப் போனாள். ராடிஷா தடுத்தான்.

"இதைக் கூடக் கேட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியலைனு அங்கேயே கோடு போட்டுருவாங்க. புதுப் பிதான். அந்த அரங்கத்துல இசை நடத்துற எமில் மேஸ்த்ரோகிட்ட ஆறு வருஷம் வாசிச்சவன் சொல்றேன், நம்பு."

நம்பினாள். கட்டிய புருஷனை நம்பாமல்?

மூன்று வாரம் சமையலறையில் கிட்டாரின் மரத்தை இடது தாடையில் அழுத்தி வைத்து, எலும்பு வழியாகக் கேட்டுக் கேட்டுக் கட்டினாள். ஒவ்வொரு கார்டுக்கும் அடிச்சுரம் முதல் தட்டில். மூன்றாவது சுரமும் ஐந்தாவது சுரமும் தூண். தூணுக்குத் தூண் ஸ்கேல் வழியாக நடை. டியிலிருந்து சி, சியிலிருந்து பி என்று படியிறங்கி, பி கார்டின் மூன்றாவது சுரத்தைத் தொட்டால், அது ஈக்கு அரைப் படி கீழே நின்று வா வா என்று இழுத்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் அவளுக்கே சிரிப்பு வந்தது. சூப் இரண்டு முறை அடிபிடித்தது.

தேர்வன்று காலை பியானோ இடது பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். எமில் மேஸ்த்ரோவும் இன்னும் இருவரும் முன்னால். மூன்றாவது வரிசையில் அவள் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ராடிஷா.

ஏ மைனர் வழுக்கிக்கொண்டு போயிற்று. டி மைனர். டி, சி என்று இறங்கினாள். ராடிஷா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தாள். பி.

ஐயோ! பியானோ அரைப் படி கீழே இருந்தது. இரண்டு சுரமும் ஒன்றை ஒன்று கடித்தன. அவள் ஆசை ஆசையாய்க் கட்டிய மூன்றாவது சுரமும் அதே கோரம். பழைய பி!

நிற்கக் கூடாது. அடுத்த பி வருவதற்குள் எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டும். பழைய பி, டி, எஃப். எஃப்! அது ஈக்கு அரைப் படி மேலே. கீழிருந்து இழுத்ததை மேலிருந்து இறக்கிவிட்டால் போதும். இரண்டாவது சுற்றில் இறக்கினாள். மூன்றாவதில் விரல் தானாகப் போயிற்று. நான்காவதில் மேஸ்த்ரோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. தப்புச் சுரம் விழுவதற்கு முன்பே அவன் தலையைக் குனிந்தான்.

"கடைசி மூணு சுற்று பிரமாதம்மா," என்றார் மேஸ்த்ரோ. "ஆனா முதல் சுற்று? என் பி எந்தப் பினு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன், மேஸ்த்ரோ."

அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். "நான் ஒருத்தன் மட்டும் முடிவு பண்றதில்லம்மா. நாலு சுற்றும் தப்பில்லாம வாசிச்ச பையன் ஒருத்தன் இருக்கான்," என்று தாளை மடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் ராடிஷா கோட்டை நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பயமா இருந்துச்சு, ஸோர்கா. நீ இங்க வந்துட்டா, கொஞ்ச நாள்ல என்னையும் விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

அவள் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"இன்னிக்குக் காலைல வரைக்கும் நான் விட்டுட்டுப் போக நெனச்சது பேண்டை மட்டும்தான்," என்றாள்.

கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தின் பக்கம் நடந்தாள். அவன் பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டான். அது வலது காதின் பக்கமாக வந்தது.