யாரும் தோற்காத முகாம்

முகாமின் முதல் நாளே எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. மியூசிக்கல் சேர் விளையாட்டு. பாட்டு நின்றது. பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. எத்தனை பிள்ளைகளோ அத்தனை நாற்காலிகள். ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. சிகிச்சையில் முடி கொட்டித் தொப்பி போட்டிருந்த ஒரு பொடியன், "மிஸ், இப்ப என்ன நடந்துச்சு?" என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கோடை விடுமுறையில் வீட்டில் சும்மா கிடக்காமல் இங்கே விளையாட்டுப் பொறுப்புக்கு வந்து மாட்டிக்கொண்டேன். நோயோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள், அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து நடக்கிற முகாம். நடத்துகிற மேடம் தங்கமான மனுஷி. அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போகலாம். "இந்தப் பிள்ளைங்க இழந்தது போதும். இங்க யாரும் எதுலயும் தோக்கக் கூடாது" என்று கண் கலங்கச் சொல்கிறவரிடம் என்னத்தைப் பேச?

மஞ்சள் பனியன் போட்ட தொண்டர்கள், எல்லாம் காலேஜ் பிள்ளைகள், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், யாரும் இழுக்கவில்லை. ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் கைகோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். ஆறடிப் பையன் ஒருவன் ஒரு வாண்டிடம் கோல் வாங்கிவிட்டு, தரையில் உருண்டு, "ஐயோ, என்னா ஷாட்டு!" என்று அலறினான். வாண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

நாலாவது நாள் 'முறைப்பு' வீட்டுக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பதினோரு வயது. வந்ததிலிருந்து எல்லாரையும் முறைத்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. போன மழைக்காலத்தில் அவள் அப்பா திடீரென்று இறந்துபோனார். அதிலிருந்து யாரோடும் சேராமல் அறையே கதி என்று கிடக்கிறாள், முகாமுக்குப் போனாலாவது பழையபடி ஆகமாட்டாளா என்றுதான் அம்மா அனுப்பியிருந்தார். இப்போது அதே அம்மா கூட்டிப்போக வந்துகொண்டிருந்தார். "நாம என்ன குறை வெச்சோம்? நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்" என்று மேடம் பொறுப்பை என் தலையில் கட்டினார்.

கூடத்தில் டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பிரச்சினை உனக்கு?" என்றேன். கொஞ்சிப் பேச எனக்கு வராது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா உங்கம்மாவ வேலைய விட்டுட்டு ஓடிவர வெச்ச?"

முறைத்தாள். பிறகு மேசையைக் காட்டினாள். "நேத்து ஒரு மஞ்சள் பனியன் அண்ணா எங்கூட ஆடினாரு. எல்லா பாலையும் வேணும்னே வெளிய அடிச்சாரு. அவர் காலேஜ் டீம்ல இருக்காராம்."

"பாவம்னு நெனச்சிருப்பான்."

"எல்லாரும்தான் நெனைக்கிறாங்க. மாமா செஸ்ல ராணியக் கொண்டுவந்து என் முன்னாடியே வெக்கிறாரு. ஸ்கூல்ல எனக்கு முன்னாடி ஓடுறவ பாதில நின்னு ஷூ லேஸ் கட்டுறா. அப்பா செத்ததுலேருந்து நான் ஒரு ஆட்டத்துல கூட தோக்கல மிஸ்."

அவள் அழவில்லை. சோறு ஆறிப்போச்சு என்று சொல்கிற குரல்தான். எனக்குத்தான் சுருக்கென்றது.

"உங்கப்பா எப்படி?"

"ஒரு பாயிண்ட் சும்மா குடுக்க மாட்டாரு. ஜெயிச்சிட்டு டான்ஸ் வேற ஆடுவாரு."

"பேட்ட எடு" என்றேன்.

"நீங்களும் விட்டுத்தான் குடுப்பீங்க."

"நானா? பெத்த பையனுக்கே நான் விட்டுக்குடுத்ததில்ல. அவன் இன்னும் அதச் சொல்லிக்காட்டிட்டிருக்கான்."

சும்மா சொல்லவில்லை, அந்தக் காலத்தில் இந்த ஆட்டத்தில் கோப்பை வாங்கியவள் நான். அவளைப் புரட்டி எடுத்தேன். ஏழு, பூஜ்யம். முடி நெற்றியில் ஒட்ட, மூச்சு வாங்க நின்றாள். அந்த நேரம் பார்த்து என் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. நான் நினைக்கவே இல்லை. பந்து மெதுவாக, உயரமாக, அவள் அடிப்பதற்கு வாகாகப் போய் விழுந்தது.

அவள் அடிக்கவில்லை. பந்தைக் கையால் பிடித்துத் திருப்பி வீசினாள். "இது வேணாம் மிஸ். மறுபடி போடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேடத்தின் மேல், மஞ்சள் பனியன்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் கையின் மேல். இத்தனை நாள் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து அடுத்த சர்வைப் போட்டேன். திருப்பினாள். ஓங்கி அடித்தேன். அதையும் எப்படியோ எட்டிப் பிடித்துத் திருப்பினாள். பந்து மேசையின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. நான் தாவியும் எட்டவில்லை.

"நெஜம்மாவா?" என்றாள் சந்தேகத்தோடு.

"நெஜம்மாதான் போச்சு. வாய மூடிட்டு ஆடு."

ஆட்டம் முடிந்தபோது அவள் மேசையில் பேட்டால் அடித்து, "சே!" என்றாள். எனக்குக் காது குளிர்ந்தது.

அந்த நேரத்தில் மேடம் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார் அந்த அம்மா. "கிளம்பலாமா கண்ணு?" என்று பையைத் தூக்கினார்.

"இரும்மா. தோத்துட்டேன். இன்னொரு கேம் ஆடணும்."

மேடம் நெஞ்சில் கை வைத்தார். கொலை செய்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

அம்மா பையை மெதுவாகக் கீழே வைத்தார். "எத்தனைக்கு எத்தனை?"

"பதினொண்ணுக்கு நாலு."

"நாலா? அப்பாகிட்ட நீ மூணத் தாண்டினதே இல்லையேடி."

அவள் அதை யோசித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். நாலும் அவளே எடுத்தவை. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அம்மாவின் பக்கம் திரும்பி, "அப்பாகிட்ட சொல்லணும்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, குரல் உடைந்து, அழ ஆரம்பித்தாள். அந்த அம்மாவும் அழுதார். மேடம் பதறிக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்ல முன்னால் போனார். நான் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தயவுசெஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருங்க மேடம்" என்றேன். என் குரலும் சரியாக வரவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.