கடைசி யாரு?

ஹவானாவிலிருந்து பஸ்ஸில் வரும் வாராந்தரப் பொட்டலம் என்றால் இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத எங்கள் சியென்ஃபுயேகோஸ் ஊரில் எல்லாருக்கும் உயிர். தொடர்கள், பேஸ்பால், பாட்டு என்று வாரம் முழுவதற்குமான சரக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வந்துவிடும். அதை நான் என் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர்களின் டிஸ்க்குகளில் காப்பி போட்டுக் கொடுப்பேன்.

அன்று காப்பி நகரவே மாட்டேன் என்றது. சாயங்காலம் கரண்ட் போய்விடும். அதற்குள் முடியாவிட்டால் வேறு கடைக்குப் போவார்கள், போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள். டிஸ்க்கோடு வந்தவர்கள் வாசலில் மர நிழலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களூர் கியூவில் யாரும் வரிசையாக நிற்பதில்லை. வந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டு, அவருக்குப் பின்னால் நாம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். குறுக்கே புகுந்தவன் மட்டும் தொலைந்தான்.

"டிஸ்க்கு போயிடுச்சுக்கா. கடையை மூடிட்டு ரெஸ்ட் எடு," என்றான் என் தம்பி யோவான்ட்ரி. காலையிலிருந்து இதே பாட்டு.

எனக்கு எரிச்சலாக வந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமலே புதைக்கச் சொல்கிறான். எந்த நிரல் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்று தனித்தனியாகக் காட்டும் திரையைத் திறந்தேன். அதெல்லாம் சிஸ்டம் சமாச்சாரம், தொடாதே என்று தடுத்தான். பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் காப்பி வேலைகளெல்லாம் அடியில் சொட்டுச் சொட்டாகப் படித்துக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் மேலே ஒரே ஒரு நிரல் டிஸ்க்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, யாரோ குறுக்கே புகுந்திருக்கிறான். அந்த வரியிலேயே அதை ஓட்டுகிறவரின் பெயரும் இருக்கும். யோவான்ட்ரி என்று இருந்தது. என்ன படிக்கிறான் என்று தோண்டினேன். பல வருஷமாக நான் சேர்த்துவைத்த படங்கள் அத்தனையும், வீட்டுக்கு வீடு கூரைமேல் இழுத்திருக்கும் கேபிள் வழியாக அவன் சிநேகிதன் ரெய்னியரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

திரும்பினேன். அவன் தரையைப் பார்த்தான்.

"தனியா ஒரு கடை போடலாம்னு..."

மனசு கொதித்தது. கடை போடுவதற்காக இல்லை. நன்றாக இருக்கிற டிஸ்க்கைப் போய்விட்டது என்று என் முகத்துக்கு நேரே சொன்னானே, அதற்கு.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா," என்றேன். அந்த நிரலை நிறுத்தினேன். காப்பிகள் பிய்த்துக்கொண்டு ஓடின. "படம் வேணும்னா ஒரு டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வெளியில போ. கடைசி யாருன்னு கேட்டுட்டு உக்காரு."

போனான். மெல்லக் கேட்டான், கடைசி யார் என்று. குமனாயாகுவாவுக்குப் பொட்டலம் கொண்டுபோகும் எனெய்டா அம்மாள் கையைத் தூக்கினாள்.

"நாந்தான். என்னடா, சொந்த அக்கா கடையிலயே கியூவா?"

அவன் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தான்.

ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டினேன். கோபம் தணியவில்லை. ஆனாலும் அவன் முறை வருவதற்குள் கரண்ட் போய்விடக் கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.