ஒரு கிலோ பழுப்புக் கற்கண்டு

“கற்கண்டா, பாகா? நீயே சொல்லு லீஸ்பெட்” என்று கேட்டார் அப்பா.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. அது ரூசலாரே டவுனில் பீர் காய்ச்சும் சாமான்கள் விற்கும் கடை. அப்பா பன்றி லாரி ஓட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார். தூக்கத்தில் அவர் கண்கள் செருகின. பீரில் போடும் சர்க்கரைப் பாகு வெறும் தகரடப்பாவில் இருந்தது. கற்கண்டோ வெளிச்சத்தில் பழுப்புக் கண்ணாடி மாதிரி மின்னியது. கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்கக் கூச்சம். கற்கண்டை விரலால் காட்டினேன்.

“உங்க பெரியப்பா இருந்தா பாகுதான்னு ஒத்தக்கால்ல நிப்பாரு. சரி, உன் இஷ்டம்.”

அப்பாவும் ஜெர்மான் பெரியப்பாவும் பத்தொன்பது வருடம் எங்கள் கார் ஷெட்டில் சேர்ந்து, துறவி மடங்களில் காய்ச்சுவது மாதிரி மடத்து பீர் காய்ச்சினார்கள். போன குளிர்காலத்தில் எல்லா பாட்டிலும் நுரைத்துப் பொங்கிப் பாழானது. பாட்டிலை மூடும்போது நுரைக்காகப் போடும் சர்க்கரையை யாரோ இரண்டு தடவை போட்டிருந்தார்கள். பீர் காய்ச்சுவோர் சங்கத்து ஆட்கள் எல்லோர் முன்னாலும் அப்பா, “அண்ணன்தான் போட்டாரு” என்றார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர்தான் பெரியப்பா.

பீர் காய்ச்சும் அண்டா அவருடையது. நவம்பரில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார். அதற்குள் ஒரு நல்ல பீரைக் காய்ச்சிக் கொடுத்தால் மனம் மாறுவார், அண்டாவை விட்டுவிட்டு மறுபடி காய்ச்ச வருவார் என்று அப்பா நம்பினார். இந்த முறை தனியாகத் தூக்கி இறக்கியே அவர் இடுப்பு போய்விட்டது.

கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிறு மதியம் பெரியப்பா வந்தார். காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தது.

“ஒரு கிளாஸ் குடிச்சுட்டுப் போங்கண்ணே.”

“முதல்ல பாட்டில் மூடியைத் திற. கூரை பறக்காம இருக்கான்னு பார்த்துட்டு உள்ள வர்றேன்.”

அப்பா சிரிக்கவில்லை. பாட்டில் அடியில் ஒரு விரல் ஈஸ்ட் மண்டி நிற்க, கிளாஸில் மெதுவாக ஊற்றினார். மண்டியைச் சின்ன கிளாஸில் தனியாக வைத்தார். பெரியப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

பெரியப்பா முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

“கலர் இருக்கு. ருசி எங்கடா நோர்பெர்ட்? உலர்ந்த திராட்சை வாசமே காணோமே. கற்கண்டா போட்டே?”

“ஆமாண்ணே.”

“கற்கண்டு கண்ணுக்கு, பாகு நாக்குக்குன்னு எத்தனை வருஷம் கத்தினேன்! இந்தக் கூத்தை யாரு பண்ணது?”

நான் ஷெட் வாசற்படியில் நின்றிருந்தேன். காது இரண்டும் எரிந்தன. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தாண்ணே எடுத்தேன்.” அண்டாவின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். “போன வருஷம் சர்க்கரையை ரெண்டு தடவை போட்டதும் நான்தான்.”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னை நிறைய நேரம் பார்த்தார். மண்டி கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் குடித்து, அதை அண்டாவுக்குள் வைத்தார்.

தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காலி டிரெய்லர் தெருமுனை வரை கடகடத்துக்கொண்டே போனது.